சிறுநீரகம் தளர்ந்தவரின் குருதியில் இதயத்தின் செய்தி

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீட்டுப் பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும். சோதனைக் குழாயில் எடுத்த இரத்தத்திற்கு அது எப்போதும் பொருந்துமா? பொருந்தாத ஓர் இடத்தை என் தாய்மாமனின் கட்டிலருகே நின்று கற்றுக்கொண்டேன். கற்றதை இம்மலரின் வாயிலாக நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாமாவுக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை நோயால் இரு சிறுநீரகங்களும் பழுதுபட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த போது, உறவினர் திருமணத்திற்குச் சென்றதால் ஒரு முறை தவறிப்போயிற்று. மறுநாள் இரவு மூச்சுத் திணறல். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிரோப்போனின் மிகுந்திருக்கிறது; மாரடைப்புதான்; உடனே ஆஞ்சியோ செய்தாக வேண்டும், பணம் கட்டுங்கள்" என்றார்கள். அத்தை ஒரு சொல்லும் பேசாமல் கைவளையல்களைக் கழற்றினார். யாரோ சொன்ன யோசனையின் பேரில் வேறொரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். அளவு அசையவில்லை. தேங்கியிருந்த நீரை டயாலிசிஸ் செய்து எடுத்ததும் மாமா எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்.

எட்டு மாதம் கழித்து மீண்டும் ஒரு நாள். இம்முறை மேல்வயிற்றில் எரிச்சல், வியர்வை, சோர்வு. நெஞ்சு வலி இல்லை. சீட்டைப் பார்த்தேன். அதே டிரோப்போனின், அதே மிகுதி. படித்தவன் என்ற தோரணையில், "மாமாவுக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும், வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று அத்தையிடம் சொன்னேன். பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, மூன்று மணி நேரம் பொறுங்கள், இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம்" என்றார். மூன்று மணி நேரத்தில் அளவு ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அது உண்மையான மாரடைப்பு!

முதல் இரவில் மிகுதியைக் கண்டு இல்லாத மாரடைப்பை இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை மிகுதியைக் கண்டு, இருந்த மாரடைப்பை இல்லையென்று நான் சொன்னேன். இரண்டும் ஒரே பிழைதான். ஒற்றை எண்ணை மட்டும் நம்பிய பிழை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை இனிக் காண்போம்.

இரண்டு உறுப்புகள், ஒரே விதி

சிறுநீரகமும் இதயமும் தனித்தனியே கெடுவது அரிது. 1836ஆம் ஆண்டிலேயே லண்டனில் ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடலில் இதயம் பெருத்துத் தடித்திருப்பதைக் கண்டு எழுதினார். அவர் காலத்தில் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவிகூட மருத்துவர் கையில் இல்லை.

நம் இரு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மற்றதையெல்லாம் உடலுக்கே திருப்பித் தருகின்றன. இந்த வடிக்கும் வேகத்தை நிமிடத்திற்கு இத்தனை மில்லி லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். 90க்கு மேல் இருந்தால் நன்று. மூன்று மாதங்களுக்கு மேலாக 60க்குக் கீழே இருந்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் சிறுநீரகச் செயலிழப்பு. பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் அளவோடு வயதும் ஆண் பெண் பாகுபாடும் சேர்த்து இந்த வேகத்தை மதிப்பிட்டுத் தருகிறார்கள்.

வேகம் குறையக் குறைய இதயத்திற்கு வரும் ஆபத்து ஏறுகிறது. கலிபோர்னியாவில் 11,20,295 பேரின் ஏடுகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனை எண்ணால் காட்டியது. வடிப்பு வேகம் 60க்கு மேலுள்ளவர்களோடு ஒப்பிட்டால், 45 முதல் 59 வரை உள்ளவர்களுக்கு இதய–இரத்தக்குழாய்க் கேடுகளின் ஆபத்து 1.4 மடங்கு, 30 முதல் 44 வரை 2 மடங்கு, 15 முதல் 29 வரை 2.8 மடங்கு, 15க்குக் கீழே 3.4 மடங்கு. எனவே, சிறுநீரக நோயாளிக்கு நெஞ்சில் ஏதேனும் ஒரு சங்கடம் என்றால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவருடைய இரத்தத்தைப் படிப்பதுதான் எல்லோரையும் விடக் கடினம். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

குறிப்பான்கள் வந்த வழி

இதயத் தசை சிதையும்போது அதனுள் இருந்த பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன. அவற்றை அளந்து சிதைவை அறியலாம் என்பதே குறிப்பான்களின் தத்துவம். 1954ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கார்மென், ரோப்லெவ்ஸ்கி, லாட்யூ ஆகியோர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஒரு நொதி மிகுவதைக் கண்டறிந்தனர். இன்று நம் ஊர்ப் பரிசோதனைச் சீட்டுகளில் கல்லீரல் பகுதியில் 'எஸ்.ஜி.ஓ.டி.' என்று அச்சாகிறதே, அதுதான் அந்த நொதி! கல்லீரலிலும் தசையிலும் அது நிறைந்திருப்பதால் இதயத்திற்கென்று தனியாகச் சான்று சொல்ல அதனால் இயலவில்லை. பின்னர் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி வந்தது. அதன் இதய வகையான 'எம்.பி.' பல ஆண்டுகள் அரசோச்சியது. அதுவும் எலும்புத் தசையில் சிறிதளவு இருப்பது. சிறுநீரக நோயாளர் சிலரிடம் மாரடைப்பின்றியே மிகுவது.

இக்குறையைத் தீர்த்தது டிரோப்போனின். 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி தசைச் சுருக்கத்தில் கால்சியத்தின் பங்கை ஆராய்ந்தபோது கண்டெடுத்த புரதம் இது. 1980களின் பிற்பகுதியில் இதயத்திற்கே உரிய டிரோப்போனினை இரத்தத்தில் அளக்கும் முறைகள் உருவாயின. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் கூடி, மாரடைப்பின் வரையறையிலேயே டிரோப்போனினுக்கு முதலிடம் தந்தன.

டிரோப்போனின் என்பது யாது?

தசை இழையில் ஆக்டின், மயோசின் என இரு புரதங்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் தசை சுருங்குகிறது என்பது பள்ளியிலேயே படித்தது. எப்போது வழுக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளையிடுவது டிரோப்போனின். அது மூன்று உறுப்புகளைக் கொண்ட ஒரு பூட்டு. 'சி' என்பது கால்சியத்தைப் பற்றும். 'ஐ' என்பது சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும். 'டி' என்பது பூட்டை டிரோப்போமயோசின் என்ற கயிற்றோடு கட்டி வைக்கும். கால்சியம் வந்து 'சி'யில் அமர்ந்ததும் தடை விலகும், இதயம் ஒருமுறை துடிக்கும்.

'சி' வகை எலும்புத் தசையிலும் உண்டு. 'ஐ', 'டி' ஆகிய இரண்டிலும் இதயத்துக்கென்று தனி அமைப்பு உண்டு. ஆகவே இவ்விரண்டையே அளக்கிறார்கள். அளக்கும் முறை வேதியியல் மாணவர்க்கு இனிக்கக் கூடியது. ஓர் எதிர்ப்புரதம் டிரோப்போனினின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும். ஒளி தரும் பொருளை ஏந்திய மற்றோர் எதிர்ப்புரதம் மறுமுனையைப் பிடிக்கும். எத்தனை ஒளியோ அத்தனை டிரோப்போனின். இன்றைய உயர் நுண்மைச் சோதனைகள் ஒரு லிட்டர் இரத்தத் தெளிவில் சில நானோகிராம் இருந்தாலும் காட்டிவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய சீட்டுகளில் அளவு 'ஒரு மில்லி லிட்டருக்கு நானோகிராம்' என்றிருக்கும். புதிய சீட்டுகளில் 'ஒரு லிட்டருக்கு நானோகிராம்' என்றிருக்கும். 0.014 என்பதும் 14 என்பதும் ஒரே அளவுதான். அலகைப் பாராமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு பிழை நேரும். ஆய்வகத்தில் நம் ஆசிரியர்கள் 'அலகு எங்கே?' என்று கேட்டு மதிப்பெண் குறைப்பது வீண் கண்டிப்பு அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

எல்லைக்கோடு யாரை வைத்து வரையப்பட்டது?

'இயல்பு அளவு' என்று சீட்டில் அச்சிடப்படுவது எப்படிக் கிடைக்கிறது? நோயற்ற பலரின் இரத்தத்தை அளந்து, அளவுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறார்கள். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் எந்த எண்ணுக்குள் அடங்குகிறார்களோ அதுவே எல்லை. பரவலாக வழங்கும் உயர் நுண்மை 'டி' சோதனையில் இது லிட்டருக்கு 14 நானோகிராம். 'ஐ' சோதனைகளில் நிறுவனத்திற்கு நிறுவனம் எல்லை மாறும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி எல்லைகளும் உண்டு.

கோடு வரையக் கூடியிருந்த கூட்டத்தில் சிறுநீரக நோயாளிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களைச் சேர்க்காமல் வரைந்த கோட்டை அவர்கள் மீது வைத்துப் பார்க்கிறோம். 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இறுதிக்கட்டச் சிறுநீரக நோயுற்ற 733 பேரை எடுத்துக்கொண்டார்கள். அன்றைய சோதனை முறையில் 'டி' அளவு எல்லைக்கு மேல் இருந்தவர்கள் நூற்றுக்கு 82 பேர்; 'ஐ' அளவு எல்லைக்கு மேல் இருந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர்தான். இன்றைய நுண்ணிய முறைகளில் டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பெரும்பாலோருக்கு 'டி' அளவு எப்போதும் எல்லைக்கு மேலேயே இருக்கும். மாமா நன்றாக இருக்கும் நாளிலும் அவருடைய அளவு எல்லையைப் போல் நான்கு மடங்கு.

அப்படியானால் இந்த மிகுதி பொருளற்றதா? அங்கேதான் பலரும் தவறுகிறோம். அதே 733 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, 'டி' அளவு மிகுந்திருந்தவர்களிடம் இறப்பு பன்மடங்கு கூடியிருந்தது. 'சிறுநீரகம் வடிக்கவில்லை, அதனால் தேங்கியிருக்கிறது, போகட்டும்' என்று தள்ளத்தக்க மிகுதி அன்று அது.

அளவு ஏன் மிகுகிறது?

காரணங்களை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, வெளியேற்றம் குறைதல். உடைந்த டிரோப்போனின் துண்டுகள் சிறுநீரகத்தின் வழியாகவும் நீங்குகின்றன. அந்த வழி அடைபடும்போது அளவு உயர்கிறது. மற்றொன்று, கசிவு மிகுதல். இதுவே நாம் மறந்துவிடும் பகுதி. நாட்பட்ட சிறுநீரக நோயில் இரத்த அழுத்தம் ஏறி, இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்த தசைக்கு ஏற்ற அளவு நுண்குழாய்கள் பெருகுவதில்லை. இரத்தசோகையால் உயிர்வளி குறைகிறது. உப்பும் நீரும் தேங்கி இதயத்தை விரிக்கின்றன. டயாலிசிஸின்போது சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று தாழ்ந்து இதயத் தசை சற்று நேரம் மரத்துப்போகிறது. இவையெல்லாம் சேர்ந்து தசையை நாள்தோறும் சிறிது சிறிதாக நோகச் செய்கின்றன. ஆக, அந்த மிகுதி ஓர் உண்மையான செய்தி. அது 'இன்று மாரடைப்பு' என்ற செய்தியா, 'நெடுநாளாக இதயம் நொந்துகொண்டிருக்கிறது' என்ற செய்தியா என்பதே கேள்வி.

2018ஆம் ஆண்டில் வெளியான மாரடைப்பின் நான்காம் உலகப் பொது வரையறை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. அளவு எல்லையைத் தாண்டினாலே அது 'இதயத் தசைக் காயம்'. அளவு ஏறியோ இறங்கியோ மாறினால் அது 'புதிய காயம்'. மாறாமல் நின்றால் 'நாட்பட்ட காயம்'. புதிய காயத்தோடு, தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதற்கான அறிகுறியோ, ஈ.சி.ஜி. மாற்றமோ, எக்கோ போன்ற படங்களில் சான்றோ சேர்ந்தால்தான் அது மாரடைப்பு. டிரோப்போனின் தனியே நின்று மாரடைப்பு என்று தீர்ப்பளிக்க அதிகாரம் பெற்றதில்லை.

தொட்டிக் கணக்கு

இதை எளிதில் விளக்க ஒரு தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்வோம். மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அதுவே இதயத்திலிருந்து கசியும் டிரோப்போனின். அடியில் ஒரு துளை. அதுவே வெளியேறும் வழி. வரவும் செலவும் சமமாகும்போது நீர்மட்டம் நிலையாக நிற்கும்.

துளை பாதி அடைபட்டால் என்னாகும்? மட்டம் உயரும். உயர உயர அழுத்தம் கூடி, குறுகிய துளை வழியாகவே முன்போல் நீர் வெளியேறத் தொடங்கும். பிறகு மட்டம் புதிய உயரத்தில் நின்றுவிடும். ஆகவே, வெளியேற்றம் குறைவதால் உயர்ந்த மட்டம் கிடைக்கும். ஆனால் மூன்று மணி நேரத்தில் மட்டம் திடீரென்று ஏறாது. சிறுநீரகம் பல மாதங்களாக, பல ஆண்டுகளாகத் தளர்ந்தது. மூன்று மணி நேரத்தில் அது புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. அந்தக் குறுகிய நேரத்தில் மட்டம் ஏறினால், மேலே குழாயை யாரோ திறந்துவிட்டார்கள் என்றே பொருள். அதாவது இதயத் தசை புதிதாகச் சிதைகிறது.

இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டால் எல்லாம் விளங்கும். உயரம் பழங்கதையைச் சொல்கிறது. மாற்றம் இன்றைய நடப்பைச் சொல்கிறது.

சில எண்கள்

விளக்கத்திற்காக நான்கு பேரை எடுத்துக்கொள்வோம். அளவுகள் யாவும் 'டி' வகை, லிட்டருக்கு நானோகிராம். இரண்டாவது அளவு மூன்று மணி நேரம் கழித்து எடுத்தது.

அ: 62, பின்பு 64. மாற்றம் 2, நூற்றுக்கு 3 பங்கு.
ஆ: 62, பின்பு 118. மாற்றம் 56, நூற்றுக்கு 90 பங்கு.
இ: 12, பின்பு 42. மாற்றம் 30, நூற்றுக்கு 250 பங்கு.
ஈ: 150, பின்பு 180. மாற்றம் 30, நூற்றுக்கு 20 பங்கு.

அ, ஆ இருவருக்கும் முதல் எண் ஒன்றே. முதல் எண்ணை மட்டும் பார்த்தவர் இருவரையும் ஒரே படுக்கையில் படுக்க வைப்பார். இரண்டாம் எண்தான் அவர்களைப் பிரிக்கிறது. ஏற்கெனவே மிகுந்திருக்கும் அளவு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாறினால் புதிய காயம் என்று கருதலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விதி.

இ, ஈ இருவரையும் பாருங்கள். இருவர் இதயத்திலிருந்தும் இரத்தத்தில் கூடியது அதே 30. சிறுநீரகம் நன்றாக உள்ள 'இ'க்கு அது 250 பங்காகக் கூச்சலிடுகிறது. அடிமட்டமே உயர்ந்திருக்கும் 'ஈ'க்கு அது 20 பங்காகச் சுருங்கி, கோட்டின் மேலேயே நிற்கிறது. விழுக்காட்டை மட்டும் நம்பினால் 'ஈ'யை வீட்டுக்கு அனுப்பிவிட நேரும். எனவே விழுக்காட்டோடு கூடுதல் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் மூன்றாம் முறையும் எடுக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. மாரடைப்புக்குப் பின் டிரோப்போனின் சில மணி நேரத்தில் ஏறி, ஒரு நாள் அளவில் உச்சத்தை அடைந்து, ஒரு வாரத்திற்கு மேலும் மெல்ல இறங்கும். உச்சத்தை ஒட்டி இரண்டு முறை எடுத்தால் இரண்டு எண்களும் ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆகவே 'எப்போது தொடங்கியது?' என்ற கேள்விக்கு நோயாளி தரும் விடை, இயந்திரம் தரும் விடைக்கு இணையானது.

ஸ்காட்லாந்தில் கண்டது

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா என்று கேட்கலாம். ஸ்காட்லாந்தில், மாரடைப்பு ஐயத்தோடு மருத்துவமனைக்கு வந்த 4,726 பேரை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் 904 பேருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தது. அங்கு அளந்தது 'ஐ' வகை. முதல் அளவே 5க்குக் கீழே இருந்து, ஆபத்து குறைவு என்று ஒதுக்கத்தக்கவர்கள், சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் நூற்றுக்கு 56 பேர். சிறுநீரகம் தளர்ந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் மட்டுமே. எல்லைக்கு மேல் அளவு காட்டியவர்களில் உண்மையாகவே மாரடைப்பு இருந்தது, சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு. தளர்ந்தவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு. ஆம், பாதிக்குப் பாதி! நாணயத்தைச் சுண்டுவது போலத்தான்.

அதே ஆய்வின் மற்றொரு முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. எல்லைக்கு மேல் அளவு இருந்தவர்களில், ஓராண்டுக்குள் மீண்டும் மாரடைப்போ இதய நோயால் இறப்போ நேர்ந்தது, சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு. தளர்ந்தவர்களில் 24 பேருக்கு. அதாவது, அவர்களிடம் மிகுதி மாரடைப்பை அவ்வளவு உறுதியாகக் காட்டுவதில்லை. ஆனால் வரப்போகும் ஆபத்தை உறுதியாகவே காட்டுகிறது.

பி.என்.பி. என்னும் மற்றொரு குறிப்பான்

டிரோப்போனின் தசைச் சிதைவைக் காட்டும். தசை விரிந்து திணறுவதைக் காட்டுவது பி.என்.பி. 1988ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் பன்றியின் மூளையிலிருந்து இதனை முதலில் பிரித்தெடுத்ததால் 'மூளை' என்ற சொல் இதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஆனால் இதன் பெரும் ஊற்று இதயத்தின் கீழறைகளே. 108 அமினோ அமிலங்கள் கொண்ட தாய்ப் புரதம் இரண்டாக வெட்டுப்பட்டு, 32 கொண்ட பி.என்.பி. ஒரு துண்டாகவும், 76 கொண்ட 'என்.டி. புரோ பி.என்.பி.' மறு துண்டாகவும் பிரிகின்றன. முன்னது சிறுநீரைப் பெருக்கி, குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைக்கும். பின்னதற்கு வேலை ஏதும் இல்லை. ஆனால் இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்குவதால் அளப்பதற்கு ஏற்றது.

மூச்சுத் திணறலோடு வருபவருக்கு பி.என்.பி. 100க்குக் கீழோ, என்.டி. புரோ பி.என்.பி. 300க்குக் கீழோ (மில்லி லிட்டருக்கு பிக்கோகிராம்) இருந்தால் இதயச் செயலிழப்பு பெரும்பாலும் இல்லை எனலாம். பி.என்.பி.யை ஏற்பிகளும் நொதிகளும் சிதைத்துவிடுகின்றன. என்.டி. புரோ பி.என்.பி.யோ வெளியேறச் சிறுநீரகத்தைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே வடிப்பு வேகம் குறையும்போது இரண்டும் ஏறினாலும், பின்னது அதிகமாக ஏறும். வடிப்பு வேகம் 60க்குக் கீழே உள்ளவர்களுக்கு பி.என்.பி. எல்லையை 200 வரையிலும், மற்றதன் எல்லையை 1,200 வரையிலும் உயர்த்திப் பார்க்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருத்துரைத்துள்ளனர். டயாலிசிஸ் செய்துகொள்பவரிடம் இந்த எல்லைகளும் பயன்படா. அங்கே அவருடைய சொந்தப் பழைய அளவுதான் அளவுகோல். இரு வகைக் குறிப்பான்களும் இறுதியில் ஒரே பாடத்தைத் தருகின்றன: ஒருவரை ஊரோடு ஒப்பிடுவதை விட அவரோடு அவரை ஒப்பிடுவதே நன்று.

நினைவில் கொள்ளத்தக்கவை

மருத்துவம் செய்வது மருத்துவர் தொழில். ஆனால் நோயாளியோடு செல்லும் மகனும் மருமகனும் நாமாகவே இருப்போம். ஆகவே சிலவற்றைத் தெரிந்துவைத்தல் நலம்.

1. சிறுநீரக நோயாளியின் பழைய டிரோப்போனின் சீட்டை மற்றச் சீட்டுகளோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் எடுத்த அளவு கிடைத்தால் அது பொன்னானது. டயாலிசிஸ் செய்பவருக்கு அதைத் தொடங்கும் முன் எடுத்த இரத்தமே ஒப்பிட ஏற்றது.

2. 'டி'யை 'டி'யோடும் 'ஐ'யை 'ஐ'யோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். 'ஐ'யில் நிறுவனம் மாறினாலும் ஒப்பீடு செல்லாது. அலகையும் பார்க்க வேண்டும்.

3. ஓர் எண்ணோடு நின்றுவிடாமல், ஒன்று முதல் மூன்று மணி நேர இடைவெளியில் மறுமுறை எடுக்க வேண்டும். ஆனால் ஈ.சி.ஜி. தெளிவாக மாரடைப்பைக் காட்டினால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாது.

4. ஈ.சி.ஜி.யும் இவர்களிடம் ஏமாற்றும். தடித்த இதயமும், இரத்தத்தில் மிகுந்த பொட்டாசியமும் வரைகோட்டை மாற்றிவிடும். பழைய ஈ.சி.ஜி.யும் கையில் இருந்தால் நல்லது.

5. நெஞ்சு வலி இல்லை என்பதால் இதயம் நலம் என்று எண்ணக் கூடாது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்க்கு மாரடைப்பு மூச்சுத் திணறலாகவோ, வாந்தியாகவோ, வெறும் சோர்வாகவோ வரும்.

6. பிழையான தீர்ப்புக்கு இருபுறமும் விலை உண்டு. இல்லாத மாரடைப்புக்கு மருந்து கொடுத்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளால் சிறுநீரக நோயாளிக்கு இரத்தக் கசிவு எளிதில் நேரும். ஆஞ்சியோவில் செலுத்தும் சாயம் எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் நோகச் செய்யலாம். இருக்கும் மாரடைப்பை விட்டுவிட்டால் விலை உயிர்.

முடிவுரை

மாமா இன்றும் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸுக்குப் போகிறார். இதயம் முன்னைப் போல் இல்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். நான் அன்று சொன்ன சொல்லை அத்தை ஒரு நாளும் எடுத்துச் சொன்னதில்லை. நானே எடுத்துச் சொன்னபோது, "உனக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதானே, தம்பி" என்றார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் செய்யக்கூடிய கைம்மாறு, அரைகுறையாகத் தெரிந்ததை முழுதாகத் தெரிந்துகொள்வது ஒன்றே.

அந்த மருத்துவர் என்னை விட மிகுந்த அறிவைப் பெற்றிருந்தார் என்பது உண்மை. ஆனால் அன்று மாமாவைக் காத்தது அவர் அறிந்திருந்தது மட்டுமன்று. 'இந்த ஓர் எண் போதாது' என்று பொறுத்திருந்த அடக்கமும் சேர்ந்தே காத்தது. ஆய்வகத்தில் ஒரே முறை எடுத்த பியூரெட் அளவை நம் ஆசிரியர்கள் ஏற்பதில்லை. இரண்டு முறை ஒத்து வந்தால்தான் ஏட்டில் எழுத விடுவார்கள். அந்தப் பழக்கத்தை ஆய்வகத்தின் வாசலில் விட்டுவிட்டு நான் மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அடுப்பில் இருக்கும் பானைக்கு, சற்றுப் பொறுத்து இன்னொரு சோற்றையும் எடுத்து நசுக்கிப் பார்ப்பவரே நல்ல சமையற்காரர்.